பாலைவனத்தில் குவாட் பைக், சுடுதளத்தில் துப்பாக்கி: முதல்முறை போகிறவர்களுக்கு

பாலைவனச் சுற்றுலாத் தலங்கள் பலவற்றில் இரண்டு அனுபவங்களைச் சேர்த்தே விற்கிறார்கள். ஒன்று, வழிகாட்டியின் பின்னால் மணல்மேடுகளில் வண்டி ஓட்டுவது. மற்றொன்று, சுடுதளத்தில் இலக்கு அட்டையைச் சுடுவது. முன்அனுபவம் தேவையில்லை என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். தேவையில்லைதான். ஆனால் இரண்டிலும் ஆபத்து இருக்கும் இடம் ஒன்றே. குவாட் பைக்கின் வேகம் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது, துப்பாக்கியின் வெடிப்பு ஆள்காட்டி விரலுக்குக் கீழே. பயந்த கை தானாக இறுகும். சாயும் வண்டியில் கை இறுகினால் வண்டி இன்னும் சீறும். துப்பாக்கி பிடித்த கை இறுகினால் குண்டு நினைக்காத திசையில் போகும். அதனால் அழுத்தக் கற்கும் முன் விரலை எடுக்கக் கற்க வேண்டும். முதல் அரைமணியில் அதைச் சொல்லித் தருகிற இடம் நல்ல இடம். சாவியைக் கொடுத்து "பின்னாலேயே வாங்க" என்று கிளம்பிவிடும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

பதிவு செய்யும் முன்

எந்த வண்டி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு சக்கர குவாட் பைக்கில் உடம்பே பாதி ஸ்டீயரிங். எடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மணல் பக்கி என்பது இரும்புக் கூண்டும் சீட் பெல்ட்டும் உள்ள, காரைப்போல் ஓட்டும் வண்டி. முதுகுவலி, முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஓட்டத் தயங்குகிறவர்களுக்கும் பக்கியே பொருத்தம், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் போகலாம். இருசக்கர டர்ட் பைக்கை முதல் பயணத்தில் தொடவே வேண்டாம். தார்ச்சாலையில் பல வருடம் பைக் ஓட்டிய பழக்கம் மணலில் கைகொடுக்காது. கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இரண்டு வண்டியிலும் ஏறக்கூடாது. குலுக்கல் அப்படி.

பணம் கட்டும் முன் நேராகக் கேளுங்கள். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை புதியவர்கள்? நான்கைந்து பேர் வரை சரி. அதற்கு மேல் என்றால் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் இருக்க வேண்டும். ஓட்டுநர் விழுந்தால் என்ஜினை நிறுத்தும் கயிறு வண்டியில் உண்டா? மேட்டுக்குப் போகும் முன் சமதளத்தில் பயிற்சி தருவார்களா? செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் வாக்கி டாக்கியோ செயற்கைக்கோள் போனோ வைத்திருக்கிறார்களா? இவற்றுக்குத் தயங்காமல் பதில் வர வேண்டும்.

பயணக் காப்பீட்டை விதிவிலக்குப் பகுதியிலிருந்து படியுங்கள். குவாட் பைக், மோட்டார் சாகசம், துப்பாக்கி ஆகியவற்றைப் பல பாலிசிகள் பெயர் சொல்லியே விலக்கிவைக்கின்றன. கூடுதல் தொகை கட்டிச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். சுடுதளத்தில் அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ கேட்பார்கள், நகல் செல்லாமல் போகலாம். முந்தைய இரவு மது அருந்தியிருந்தாலும், தூக்கம் தரும் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் இரண்டையும் தள்ளிப்போடுங்கள்.

ஒரே நாளில் இரண்டும் என்றால் வரிசை முக்கியம். ஒரு மணிநேரம் மணலில் ஓட்டியபின் முன்கை மரத்து, விரல்கள் நடுங்கும், கண்ணில் தூசியும் இருக்கும். உடனே துப்பாக்கியைப் பிடித்தால் இலக்கில் எதுவும் படாது. அதைவிடப் பெரிய சிக்கல், விசையின் மேல் விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதே தெரியாமல் போவது. விடியற்காலையில் ஓட்டி, குளித்து, சாப்பிட்டு, நடுவெயிலை ஓய்வில் கழித்து, மாலையில் சுடுவது நல்லது. இரண்டு தனித்தனி நாள் கிடைத்தால் அதைவிட நல்லது.

உடையும் தண்ணீரும்

கணுக்காலை மூடும் ஷூ, முழுநீள பேண்ட், முழுக்கைச் சட்டை, கையுறை. செருப்போடு வருகிறவரை ஏற்றாத நிறுவனம் சரியான நிறுவனம். துப்பட்டா, தொங்கும் ஷால், நீண்ட அங்கி ஆகியவை சக்கர அச்சிலோ செயினிலோ சுற்றிக்கொண்டால் கழுத்தை இறுக்கிவிடும். முகத்தில் சுற்றும் துணியின் நுனிகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். நீண்ட தலைமுடியைப் பின்னிச் சட்டைக்குள் விடுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிகிறவர்கள் அன்று மட்டும் மூக்குக்கண்ணாடிக்கு மாறி, அதன்மேல் பொருந்தும் பெரிய காகிள்ஸ் கேட்டு வாங்குங்கள். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் சட்டைப்பையில் இருக்கட்டும், பின்னால் வரும் பையில் வேண்டாம்.

ஹெல்மெட்டை மாட்டி, நாடியில் பட்டையை இறுக்கி, தலையை வேகமாக இடவலம் அசைத்துப் பாருங்கள். ஹெல்மெட் தலையோடு திரும்ப வேண்டும், தலை அதற்குள் திரும்பினால் அளவு பெரிது. பட்டைக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடம் இருக்கக்கூடாது. பலர் போட்ட ஹெல்மெட் என்பதால் உள்ளே போடப் பருத்தித் தொப்பி ஒன்று கொண்டுபோங்கள்.

ஓட்டப் போவது ஒரு மணிநேரமே என்றாலும் ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது இருக்கட்டும். ஓடும் காற்றில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு நீர் இழக்கிறது என்று தெரியாது. தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் வழிகாட்டிக்குக் கைகாட்டி நிறுத்துங்கள். ஒருவர் பேச்சு குழறினால், சொன்னதைப் புரிந்துகொள்ளாமல் விழித்தால், அது வெப்பத் தாக்குதல். அதற்குமேல் பயணம் இல்லை. நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, நீர் ஊற்றி விசிற வேண்டும், மருத்துவ உதவியை உடனே அழைக்க வேண்டும்.

சமதளத்தில் முதல் பத்து நிமிடம்

என்ஜினை இயக்கும் முன் நான்கு இடங்களைக் கையால் தொட்டுக் கண்டுபிடியுங்கள். வலக் கட்டைவிரலில் ஆக்சிலேட்டர், கைப்பிடிகளில் பிரேக், என்ஜினை அணைக்கும் சிவப்புப் பொத்தான், முன்–நியூட்ரல்–பின் என்று மாற்றும் கியர். நிறுத்தும் கயிறு இருந்தால் மணிக்கட்டில் மாட்டுங்கள்.

பிறகு நிறுத்தப் பழகுங்கள். பத்து மீட்டர் போய், கட்டைவிரலை முழுதாக எடுத்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடியுங்கள். கட்டைவிரலை எடுத்த நொடியிலேயே மணல் வண்டியை இழுத்து நிறுத்தப் பார்க்கும். அதை உடம்பு உணர்ந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். வழிகாட்டி போதும் என்றாலும் இன்னும் நான்கு முறை கேட்டுச் செய்யுங்கள். கடைசி இரண்டு முறை, அவர் எதிர்பாராமல் கைகாட்டும்போது நிறுத்துங்கள்.

அடுத்தது திருப்பம். சுற்றுலா குவாட்கள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தியவை, ஒரே வேகத்தில்தான் சுழலும். காரில் வளைவின் உட்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் வேறுவேறு வேகத்தில் சுழலும் வசதி இங்கே கிடையாது. எனவே ஹாண்டிலைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். வேகத்தைக் குறைத்து, உடம்பின் மேல்பகுதியை வளைவின் உட்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் கால்தாங்கியில் எடையை ஊன்றுங்கள். உள்சக்கரம் சற்று இலகுவாகி வழுக்கும், வண்டி திரும்பும். நிமிர்ந்து உட்கார்ந்தபடியே ஹாண்டிலை மட்டும் வெடுக்கென்று ஒடித்தால் வண்டி கவிழும்.

கால் எப்போதும் தாங்கியிலேயே இருக்க வேண்டும். சைக்கிள் பழக்கத்தில் சாயும்போது காலை ஊன்றினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும். ஒருவருக்கான இருக்கை உள்ள குவாட்டில் பின்னால் குழந்தையை வைத்துக்கொள்ளாதீர்கள். எடை மாறிவிடும், ஓட்டுகிறவர் உடம்பை அசைக்க இடமும் இருக்காது.

பக்கியில் இதெல்லாம் எளிது. ஆனால் அதற்கென்று ஒரு விதி உண்டு: கவிழ்வது போலத் தோன்றினால் கையை வெளியே நீட்டித் தாங்கப் பார்க்காதீர்கள். கூண்டுக்கும் மணலுக்கும் நடுவே கை நசுங்கும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை விடாமல் பிடிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் உள்கைப்பிடியை.

மணல்மேடு எப்படி இருக்கும்

மணல்மேட்டைப் படிக்கத் தெரிந்தால் பயணமே வேறு. காற்று அடிக்கும் பக்கம் மணல் இறுகிச் சரிவு மென்மையாக இருக்கும், ஏறத்தாழ 10 முதல் 15 பாகை. முகட்டைத் தாண்டி மறுபக்கம் மணல் உதிர்ந்து விழுந்து குவிந்தது. அது 32, 34 பாகை வரை செங்குத்தாகவும் பொலபொலவென்றும் இருக்கும். உலர்ந்த மணல் அதற்குமேல் செங்குத்தாக நிற்காது. ஏறுவது காற்றடிக்கும் பக்கம், முகட்டில் நிதானம், மறுபக்கம் நேராக இறக்கம் என்பதே வழக்கமான வழி. காற்று திசை மாறும் இடங்களில் இரண்டு பக்கமும் செங்குத்தாக இருப்பதும் உண்டு. அதனால்தான் நேற்றைய தடத்தை நம்பி வழிகாட்டி ஓட்டுவதில்லை.

காலையில் மணல் குளிர்ந்தும் லேசான ஈரத்தோடும் இருப்பதால் சக்கரம் அதிகம் புதையாது. சூரியன் தாழ்வாக இருக்கும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிழல் விழும், வடிவம் தெரியும். உச்சிவெயிலில் நிழலே இல்லாமல் எல்லாம் ஒரே தட்டையாகத் தெரியும், இரண்டு மீட்டர் பள்ளம் கண்ணெதிரே இருந்தும் தெரியாது. நடுப்பகல் பயணத்தை மறுக்க வெப்பத்தை விடவும் இது பெரிய காரணம்.

மேடு ஏறும்போது அடிவாரத்திலேயே தேவையான வேகத்தை எடுத்துவிட்டு, உடம்பை முன்னுக்குச் சாய்த்து, கட்டைவிரலை ஒரே சீராக வைத்திருங்கள். நடுவழியில் சக்கரம் திணறினால் இன்னும் அழுத்தத் தோன்றும். அழுத்தினால் சக்கரம் குழி தோண்டும், முன்பக்கம் மேலெழும். முகடு நெருங்கும்போது வேகம் குறைய வேண்டும். முகட்டின் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று ஏறுகிறவருக்குத் தெரியாது: சிக்கிய வண்டி இருக்கலாம், மனிதர் நிற்கலாம், செங்குத்துச் சரிவு இருக்கலாம். வண்டியில் 2 மீட்டருக்கு மேல் உயரமான கொடிக்கம்பு கட்டியிருப்பது இதற்குத்தான், மறுபக்கத்தில் வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அந்தக் கொடி. முகட்டைத் தாவிக் குதிப்பது படம் பிடிக்க நன்றாக இருக்கும், முதுகெலும்புக்கு ஆகாது.

ஏற முடியாமல் வண்டி நின்றுவிட்டால் பிரேக்கைப் பிடித்தபடி வழிகாட்டிக்காகக் காத்திருங்கள். சரிவின் நடுவில் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கக்கூடாது. 200 முதல் 300 கிலோ எடையுள்ள வண்டி உருண்டால் கீழே அகப்பட்டவரால் தூக்க முடியாது. வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் எடையை முன்னே கொண்டுவந்து, முன் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். பின் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் வண்டி மல்லாக்கப் புரளும்.

இறங்கும்போது சரிவுக்கு நேராக இறங்குங்கள். உடம்பு பின்னுக்கு, கட்டைவிரல் முழுதும் விலகி, என்ஜினின் இழுவையே வேகத்தைக் கட்டுப்படுத்தட்டும், பிரேக் லேசாக மட்டும். முன் பிரேக்கை இறுக்கினால் முன்சக்கரம் புதைந்து பின்பக்கம் தூக்கும். வண்டி பக்கவாட்டில் வழுக்கத் தொடங்கினால் ஹாண்டிலைச் சரிவின் கீழ்நோக்கித் திருப்பி, மிக மெல்ல ஆக்சிலேட்டர் கொடுத்தால் நேராகும். விரலை எடுப்பது தீர்வாக இல்லாத அரிய இடம் இது. அதனால் அதை வழிகாட்டி பக்கத்தில் இருக்கும்போது சிறிய சரிவில் ஒருமுறை செய்து பாருங்கள்.

வரிசையில் ஒருவர் பின் ஒருவர், முன்னால் போகிறவரின் தடத்திலேயே. தூசியில் அவர் மறைந்தால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். முந்திச் செல்வது கிடையாது.

மணலில் சிக்குவது எல்லோருக்கும் நடப்பது. சக்கரம் சுழன்றும் வண்டி நகரவில்லை என்றால் உடனே விரலை எடுங்கள். ஒவ்வொரு நொடியும் குழி ஆழமாகிறது. இறங்கி, சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலைக் கையால் தள்ளி, வந்த தடத்திலேயே பின்கியரில் மெல்ல எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியது. வண்டியைப் பிறர் தள்ளும்போது சக்கரத்துக்கு நேராக நிற்க விடாதீர்கள். டயரில் காற்று குறைவாகத் தோன்றினால் பதறவேண்டாம். மணல் குவாட்டில் காற்றழுத்தம் 3 முதல் 6 பிஎஸ்ஐ வரைதான் இருக்கும். டயர் அகன்று பரவி மணல்மேல் மிதக்க அது தேவை.

சுடுதளத்தில்

எதைச் சுடுவது என்பதில் ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். தொடங்க நல்லது 4.5 மில்லிமீட்டர் ரவை போடும் ஏர் ரைஃபிள், 10 மீட்டரில். வெடிச்சத்தமும், துப்பாக்கி பின்னுக்குத் தள்ளும் உதையும் கிட்டத்தட்ட இல்லாததால் கவனம் முழுதும் குறியில் இருக்கும். சிறிய ஆயுதம் என்று ஏளனம் வேண்டாம். ஒலிம்பிக்கில் இதே தூரத்தில் சுடும் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். அடுத்த படி .22 ரைஃபிள் (0.22 அங்குல அளவுள்ள சிறிய குண்டு போடுவது), 25 மீட்டரில். பிஸ்டல் அதற்குப் பிறகுதான். குழல் குட்டை, மணிக்கட்டு சற்றுத் திரும்பினாலும் முனை பக்கத்தில் இருப்பவரை நோக்கிவிடும். பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ஷாட்கன் மிக மகிழ்ச்சியானது, ஆனால் துப்பாக்கியின் பின்கட்டையைத் தோளில் இறுகப் பதிக்காவிட்டால் மாலையில் தோள் நீலம் பாரிக்கும். அந்தத் தட்டின் விட்டம் சுமார் 11 சென்டிமீட்டர். அதைத் தொடர்ந்தபடியே, துப்பாக்கியை நிறுத்தாமல் சுட வேண்டும். நிறுத்திவிட்டுச் சுட்டால் தட்டுக்குப் பின்னால்தான் போகும்.

தானியங்கித் துப்பாக்கியைப் புதியவர் தொடக்கூடாது, சிறுவர்கள் ஒருபோதும். 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் சுற்றுலா சுடுதளம் ஒன்றில் ஒன்பது வயதுச் சிறுமியிடம் உஸி (Uzi) என்ற தானியங்கித் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். உதையில் குழல் மேலெழுந்து திரும்ப, பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் உயிரிழந்தார். விரலை எடுக்கும் முன்பே அடுத்தடுத்த குண்டுகள் போய்விடும் ஆயுதம் அது. புதிய துப்பாக்கி எதுவானாலும் முதல் சுடலுக்கு ஒரே ஒரு தோட்டா மட்டும் போடச் சொல்லுங்கள். உதை எப்படி இருக்கும் என்று தெரிந்தபின் இரண்டாவது.

உலகமெங்கும் சொல்லித்தரும் நான்கு விதிகள் உண்டு. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிறைந்ததாகவே நினையுங்கள். அழிக்க விரும்பாத எதையும் நோக்கி முனையைத் திருப்பாதீர்கள். குறி இலக்கில் பதியும்வரை விரலை விசைமேல் வைக்காதீர்கள். இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் அறிந்திருங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை காப்பாற்றும். புதியவர்களிடம் முதலில் தவறுவது இரண்டாவது விதி. சுட்டு முடித்த மகிழ்ச்சியில் "பட்டதா?" என்று கேட்கத் துப்பாக்கியோடு திரும்பிவிடுவார்கள். தலையை மட்டும் திருப்புங்கள். அதைவிட நல்லது, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்புவது.

காதும் கண்ணும் உடனே போய்விடக்கூடியவை. .22 ரைஃபிளே 140 டெசிபெல் அளவில் வெடிக்கும், பெரிய துப்பாக்கிகள் 160ஐத் தாண்டும். ஒரே சுடலில் செவித்திறன் நிரந்தரமாகக் குறையலாம். நுரைப்பஞ்சுக் காதடைப்பானை மெல்லிய குச்சியாக உருட்டி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள், அது விரிந்து அடைக்கும். அதன்மேல் காதுமூடி. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. கழுத்து மூடிய சட்டை போட வேண்டியதற்குக் காரணம் சூடான தோட்டாக் கூடு. அது சட்டைக்குள் விழுந்தால் துள்ளிக்குதித்துத் துப்பாக்கியைச் சுழற்றிவிடுவார்கள். விழுந்தால் வலியைப் பொறுத்துக்கொண்டு, முதலில் விரலை எடுத்துத் துப்பாக்கியை இலக்குப் பக்கமாகவே மேசையில் வையுங்கள், பிறகு சட்டையை உதறலாம்.

எந்தக் கண்ணால் குறிபார்ப்பது? இரு கைகளையும் நீட்டி, நடுவே சிறு ஓட்டை விட்டு, இரு கண்ணும் திறந்தபடி தூரத்துப் பொருள் ஒன்றை அதன்வழி பாருங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணுக்குப் பொருள் மறையாமல் நிற்கிறதோ அதுவே உங்கள் ஆளும் கண். வலக்கைப் பழக்கமும் இடக்கண் ஆட்சியும் சிலருக்கு உண்டு. பயிற்சியாளரிடம் சொன்னால் தோள் மாற்றித் தருவார்.

சுடும் வரிசை இதுதான்:

1. மேசையில் கைதாங்கி உட்காருங்கள். கட்டையைத் தோளில் பதித்து, கன்னத்தை அதன்மேல் வைக்கவும். விரல் விசைக்கு வெளியே, துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டிருக்கட்டும்.
2. கண்ணுக்கு அருகில் உள்ள பின்குறியின் பள்ளத்துக்குள், குழல் நுனியில் உள்ள முன்குறி நடுவில், இரண்டும் ஒரே உயரத்தில். கண் கூர்மையாகப் பார்க்க வேண்டியது முன்குறியை. இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதுதான் சரி.
3. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துங்கள். எட்டு வினாடிக்குள் சுடவில்லை என்றால் குறி ஆடத் தொடங்கும். விரலை எடுத்து, மூச்சு விட்டு மறுபடி தொடங்குங்கள். இதில் வெட்கமே வேண்டாம்.
4. விரல்நுனித் தசையால் விசையை நேராகப் பின்னுக்கு மெல்ல அழுத்துங்கள், எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெல்ல.
5. வெடித்த பிறகும் ஒரு வினாடி அதே நிலையில் இருந்து முன்குறியைப் பாருங்கள். பிறகு விரல் வெளியே.

குண்டுகள் எல்லாம் கீழே இறங்கிப் பட்டால் வெடிக்கு முன்பே உடம்பு பயந்து துப்பாக்கியை அமுக்குகிறது. பயிற்சியாளரிடம் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) போலித் தோட்டா ஒன்றைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத அந்த நொடியில் முனை எவ்வளவு இறங்குகிறது என்று கண்ணாலேயே பார்ப்பீர்கள். அதற்கு மருந்து காதடைப்பை இரட்டிப்பதும் சிறிய துப்பாக்கிக்குத் திரும்புவதும். பிஸ்டல் பிடிக்கும்போது இடக் கட்டைவிரல் வலக்கையின் பின்புறம் போகக்கூடாது, பின்னுக்குப் பாயும் மேல்பகுதி அதைக் கிழித்துவிடும். தொலைநோக்கி பொருத்திய ரைஃபிளில் கண்ணைக் கண்ணாடியிலிருந்து 8 முதல் 10 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். ஒட்டிப் பார்த்தால் உதையில் புருவம் வெட்டுப்படும்.

விசையை அழுத்தியும் வெடிக்கவில்லையா? முனையைத் திருப்பாமல் 30 வினாடி அப்படியே பிடித்துக்கொண்டு பயிற்சியாளரைக் கூப்பிடுங்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. வழக்கத்தைவிட மந்தமான 'பொத்' சத்தம் கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம், அடுத்தது குழலைப் பிளக்கும். "நிறுத்து" என்று யார் குரல் கொடுத்தாலும், பார்வையாளரே ஆனாலும், எல்லோரும் விரலை எடுத்து, துப்பாக்கியை வைத்து, பின்வாங்க வேண்டும். ஆபத்தைக் கண்டால் நீங்களும் அப்படிக் கத்தலாம்.

முடிந்த பிறகு

ஈயத்துகள் கையிலும் முகத்திலும் ஒட்டியிருக்கும். சுடுதளத்தில் எதையும் சாப்பிடாமல், வெளியே வந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகளைக் கழுவுங்கள். அன்றைய உடையைத் தனியாகத் துவையுங்கள். கைக்குழந்தையைத் தூக்கும் முன் குளித்து உடை மாற்றுங்கள். கர்ப்பிணிகள் சத்தத்துக்காகவும் ஈயத்துக்காகவும் சுடுதளத்தைத் தவிர்க்க வேண்டும்.

தோட்டாக் கூட்டை நினைவுப்பொருளாக எடுத்துக்கொள்ளத் தோன்றும். விமானத்தில் வேண்டாம். காலிக் கூடே பல விமான நிலையங்களில் மணிக்கணக்கான விசாரணைக்குக் காரணமாகும். வெடிக்காத தோட்டா ஒன்று சட்டைப்பையிலோ பையின் மடிப்பிலோ தங்கிவிட்டால் கைதுவரை போகலாம். சுடுதளத்தை விட்டுக் கிளம்பும் முன் எல்லாப் பைகளையும் புரட்டிப் பாருங்கள். வெடிமருந்துத் துகள் துடைப்புச் சோதனையில் தெரியக்கூடும் என்பதால் சுடும்போது போட்ட சட்டையையும் பையையும் மறுநாள் விமானத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இலக்கு அட்டையை மட்டும் தேதி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். துளைகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன என்று அடுத்த பயிற்சியாளருக்குக் காட்டினால் அவர் அங்கிருந்தே தொடங்குவார்.